ஒண்ணும் ஆகாது என்று சொல்லாத அக்கா

எங்கள் மாடிப் போர்ஷனில் நான்கு வருடம் குடியிருந்த அந்த அக்கா, என் காது கேட்க ஒருமுறைகூட "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதில்லை. பாப்பாவுக்கு ஏழாம் மாதத்தில் காய்ச்சல் வந்த அன்றுதான் அதை முதலில் கவனித்தேன்.

அன்று வீட்டில் எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமியார் சொன்னார். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். கணவர் ஆபீஸிலிருந்து போனில் சொன்னார். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினேன். அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தனியாக இருந்து, தினமும் வேலைக்குப் போய்வருகிறவர். அவர் வாயால் கேட்டால் மனசு அடங்கும் என்று ஒரு எண்ணம்.

"அக்கா, ஒண்ணும் ஆகாதுல்ல?"

"எவ்ளோ இருக்கு?"

"நூறு இருக்கும்க்கா."

"இருக்குமா, இருக்கா?"

நான் கழுத்தில் கை வைத்துப் பார்த்துச் சொன்ன நூறு அது. அக்கா உள்ளே போய்த் தன் தெர்மாமீட்டரை எடுத்துவந்தார். நூற்று இரண்டரை காட்டியது. "டாக்டர்கிட்ட போ, நான் ஆட்டோ பாக்கறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆகும், ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ஆட்டோவில் போகும்போது காய்ச்சலைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. கைக்குழந்தைக்காரியிடம் பேசுகிற பேச்சா இது? காதில் சீழ் பிடித்திருக்கிறது, இன்றைக்கே கொண்டுவந்தது நல்லது என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகும் இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் அவருக்கு வேலை. லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிற கடை. ஏதோ பாத்திரக் கடையைச் சொல்வதுபோல அதைச் சொல்வார். காலை எட்டு மணிக்குப் பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம் ஸ்டேஷன் போய் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிப்பார். கிளம்பும்போது கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு படி இறங்கி, திரும்ப ஏறி இன்னொரு முறை இழுப்பார். மோட்டார் போடுவதற்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போய் டேங்கை எட்டிப் பார்ப்பார். பால் பாக்கெட்டில் தேதியை வாய்விட்டுப் படிப்பார். "அவ வூட்டுக்குக் கொசு வந்தாகூட லைசென்ஸ் கேப்பா" என்று மாமியார் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தக் கடைக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைத்துவிட்டு, முடிந்தபின் திருப்பி வாங்க வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. இரட்டைக் குழல், மாமனாரின் அப்பா காலத்தில், எங்கள் மனை எல்லாம் நெல் வயலாக இருந்தபோது பன்றி விரட்ட வாங்கியது. மாமனாருக்கு முட்டி வலி என்பதால் அதைத் திருப்பி வாங்க நானும் துணைக்குப் போனேன்.

கவுண்ட்டரில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர், காபி எஸ்டேட்காரராம், தோல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே பழைய துப்பாக்கி. தண்ணீரில் எண்ணெய் விட்டாற்போலக் குழல் முழுக்க நெளிநெளியாகக் கோடுகள். அக்கா டிராயரிலிருந்து விரல் நீளப் பித்தளை அளவுக்கட்டை ஒன்றை எடுத்து, தோட்டா போடுகிற வாயில் விட்டுப் பார்த்தார்.

"அறுபத்தஞ்சு சார். இதுக்கு ஏத்த லோ பிரஷர் தோட்டா இன்னைக்கு எங்ககிட்ட இல்ல."

"அதோ அடுக்கி வச்சிருக்கியேம்மா?"

"அது எழுபது எம்எம் சார்."

பெரியவர் மேசைமேல் இருந்த ஒன்றை எடுத்துத் தன் துப்பாக்கியில் போட்டு மூடிக் காட்டினார். "பாரு, வெண்ணெய் மாதிரி போகுது!"

"போவும் சார். அதான் பயமே."

கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தத் தோட்டாவை வெளியே எடுத்து, அதன் முனையை அவர் பக்கம் திருப்பினார். "கொழுக்கட்டை வாய் மாதிரி மடிச்சிருக்கு பாருங்க. சுடறப்போ இது விரியும். எழுபதுங்கறது விரிஞ்ச பிறகு உள்ள நீளம். உங்க துப்பாக்கியில விரியறதுக்கு எடம் அறுபத்தஞ்சுதான். வாய் பாதியில அடைச்சுக்கிட்டா அத்தனை அழுத்தமும் குழல்மேல விழும். அதுவும் இது இரும்புப் பட்டைய முறுக்கி, நெருப்புல ஒட்டிச் செஞ்ச குழல். அந்தக் காலத்துக் கரிமருந்துக்குச் செஞ்சது. இப்போ வர்ற மருந்து வேற."

"எங்கப்பா காலத்துலேர்ந்து சுட்டுட்டு இருக்கோம். ஒண்ணும் ஆனதில்ல."

"பத்துத் தடவை ஆகாது சார். பதினோராவது தடவையும் ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது. நீளம் சரியா இருந்தாலும் குழல் உள்ள துரு தின்னிருக்கான்னு தெரிஞ்ச ரிப்பேர்காரர் பாக்கணும். பாத்து அவர் சொன்னாதான் தோட்டாவப் பத்திப் பேச்சு."

பெரியவர் கத்திவிட்டுப் போனார். உள்ளேயிருந்து வந்த முதலாளி எங்கள் முன்னாலேயே அக்காவைத் திட்டினார். அக்கா அளவுக்கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

அந்த வாரம் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது கேட்டேன். "ஏன்க்கா அப்படி? கொஞ்சம் நயமா சொல்லியிருக்கலாமே?"

நைட்டிக்கு கிளிப் போட்டுக்கொண்டே அக்கா சொன்னார். "ஒரு தடவை நயமா சொல்லியிருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசு. செங்கல்பட்டு பக்கத்துப் பெரியவர். இதே மாதிரிதான் போட்டுக் காட்டினார். பூட்டிச்சு. 'எடுத்துட்டுப் போங்க, ஒண்ணும் ஆவாது'ன்னேன். நாலாவது நாள் அவரோட மருமகன் வந்தான். துப்பாக்கியச் சாக்குல சுத்தி எடுத்துட்டு வந்தான். இடது கை பிடிக்கற எடத்துல குழல் கிழிஞ்சு தொங்கிச்சு."

"அவருக்கு?"

"அவன் சொல்லல. நான் கேக்கல."

தலைக்குமேல் விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. எங்கள் பகுதியில் அது போகும்வரை யாரும் பேச முடியாது. சத்தம் அடங்கியபோது அக்கா அடுத்த துணியை உதறிக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டதால் எனக்குத் தைரியம் வந்தது என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே பயந்த சுபாவம். சிலிண்டர் மூடினேனா, பால்கனிக் கதவு தாழிட்டேனா என்று எழுந்து எழுந்து பார்ப்பவள். அக்காவோடு பழகிய பிறகு அது கூடிவிட்டது. அவர் படியேறும் சத்தம் கேட்டாலே நான் எதையோ சரிபார்க்காமல் விட்டுவிட்டது போலத் தோன்றும். மாமியாருக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் எனக்குள் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிடிக்காமல் போனது அந்த ஆயுத பூஜையன்று. எங்கள் வீட்டில் அன்றைக்குத் துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் மணையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, படையல் போடுவது வழக்கம். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். மாமனார் உற்சாகத்தில், "இன்னாம்மா, துப்பாக்கிக் கடை! எங்க வூட்டு ஐட்டம் எப்டி கீது, பாத்துச் சொல்லு" என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா முதல் வேலையாகத் துப்பாக்கியை மடக்கித் திறந்தார்.

"காலிதான், காலிதான்" என்றார் மாமனார்.

அக்கா வலது குழலைப் பார்த்தார். இடது குழலைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய், "காலின்னு சொன்னாங்களே அக்கா" என்று முணுமுணுத்தேன், மாமனாரின் மானத்தைக் காப்பாற்றுகிற நினைப்பில்.

"சொன்னாங்க. நான் பாக்கலையே."

பிறகு கைப்பையிலிருந்து அந்தப் பித்தளைக் கட்டை வந்தது. எல்லோரும் வாழ்த்துக்குக் காத்திருப்பதுபோல நின்றார்கள். "இதுவும் அறுபத்தஞ்சுதான். முறுக்குக் குழல். பெட்டியில இருக்கற தோட்டா சரியான நீளம், ஆனா ஈரம் பட்டு உப்பியிருக்கு. அதை எடுத்துக் கடையில ஒப்படைச்சிடுங்க. துப்பாக்கி பூஜைக்கு இருக்கட்டும். ரிப்பேர்காரர் பாக்காம இதுல சுட வேணாம்" என்றார்.

நல்ல நாளும் அதுவுமாக இப்படிப் பேசலாமா என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள். மாமியார் பிறகு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். "சனியன் புடிச்ச வாய். அவள மொதல்ல வூட்டக் காலி பண்ணச் சொல்லு."

சொல்ல அனுப்பப்பட்டவள் நான்தான். சொந்தக்காரர்களுக்கு மாடி வேண்டும் என்று ஒரு பொய்யை ஒப்பித்தேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. "எந்தத் தேதிக்குள்ள?" என்று மட்டும் கேட்டார். கூடுவாஞ்சேரிக்குப் போகிற நாளில் சாவியை என் கையில் கொடுத்தபோது, "பெட்டியில போட்டிருக்கறத நம்பாத. தோட்டாமேல போட்டிருக்கறதப் பாரு" என்றார்.

"யாரும் சுடப் போறதில்லக்கா."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

இரண்டு வருடம் கழித்து, மாமனாரின் லைசென்ஸ் என் கணவர் பேருக்கு மாறியது. லைசென்ஸ் கை மாறினால் புதுக் கை இந்தத் துப்பாக்கியில் இரண்டு வேட்டு போட வேண்டும் என்பது இவர்கள் குடும்பத்து வழக்கம். மாமனார் போட்டது ஏரிக்கரையில். இப்போது ஏரிவரைக்கும் வீடுகள். அதனால் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு ஏற்பாடு செய்தார்கள். பாப்பாவும் வருகிறாளாம். அப்பா சுடுவதை அவள் பார்க்க வேண்டுமாம். ஐந்து வயது ஆகப் போகிறது, புது கவுன் போட்டு ரிப்பன் கட்டச் சொல்லி நிற்கிறாள்.

அன்று காலையில் கூடத்து மேஜைமேல் இருந்த தோட்டாப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். அதே பழைய அட்டைப்பெட்டி, வருஷா வருஷம் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பொட்டுக்குப் பக்கத்தில் 65 என்று அச்சு. அப்பாடா என்று இருந்தது. அதை நானே பையில் எடுத்து வைத்தேன், பாப்பாவின் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில்.

பாதி ரிப்பன் கட்டும்போது அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. மறுபடி போய்ப் பெட்டியைத் திறந்தேன். பழைய காகிதத் தோட்டாக்கள் மங்கிய மண் நிறத்தில் இருக்கும். உள்ளே பளபளவென்று சிவப்புப் பிளாஸ்டிக்கில் பத்து இருந்தன.

"அத்தை, இது புதுசா இருக்கே?"

"பழசெல்லாம் பூசணம் புடிச்சிப் போச்சு. உங்க மாமா வேற ஒரு கடையில அத்தக் குடுத்துட்டு இத்த வாங்கியாந்தாரு. சாமிக்கு வச்ச பெட்டியத் தூக்கிப் போட முடியுமா? அதுலயே போட்டு வச்சேன்" என்றார் மாமியார் அடுப்படியிலிருந்து.

பாப்பாவின் பென்சில் பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து ஒரு தோட்டாவை அளந்தேன். ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். அறுபத்தைந்தைவிடக் குறைவு. சரி, பயம் இல்லை. வைக்கப் போனபோது அதன் முனை கண்ணில் பட்டது. கொழுக்கட்டை வாய் மாதிரி மடித்திருந்தது. விரலால் உருட்டினேன். பக்கவாட்டில், சந்தனம் ஒட்டிய வெள்ளை எழுத்தில், குழல் பருமனுக்கு 12. அதன் கீழே நீளத்துக்கு 70.

மாமனாரிடம் போய் அதைச் சொன்னேன். அவர் ஒரு தோட்டாவை வாங்கி, துப்பாக்கியின் வலது குழலில் போட்டார். "எழுபதாம் எழுபது. இதோ போவுது பாரு." டக்கென்று மூடினார். "பூட்டிச்சா? அப்புறம் இன்னா? அந்தப் பொம்பள வூட்ட காலி பண்ணிட்டுப் போயும் உன் காதக் காலி பண்ணல."

"மாமா, பூட்டறது கணக்கு இல்ல மாமா. சுடும்போது வாய் விரியும்..."

"எத்தினி பன்னி சுட்டிருப்பாரு எங்கப்பா இதுல! நீ எத்தினி சுட்ட?"

கணவர் என்னைத் தனியாக அழைத்தார். அவருக்கும் அப்பாவை எதிர்த்துப் பேச வராது. "கிளப்ல எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க. ரெண்டே ரெண்டு வேட்டு. ஒண்ணும் ஆகாது. டென்ஷன் பண்ணாத."

அக்காவின் நம்பர் போனில் இருந்தது. அழுத்தினேன். ஒருமுறை ஒலித்ததும் துண்டித்துவிட்டேன். வீட்டைவிட்டு அனுப்பியவளை எந்த முகத்தோடு கேட்பது? கேட்டாலும் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

நான் கற்றதெல்லாம் மறந்துபோய், வாயில் வந்தது இதுதான். "அப்போ பாப்பா தலையில கை வச்சுச் சொல்லுங்க. ஒண்ணும் ஆகாதுன்னு."

மாமியார் கரண்டியோடு வந்து நின்றார். கணவர் எரிச்சலோடு இடது கையைத் தூக்கினார். குழலைத் தாங்கப் போகிற கை அதுதான். பாப்பா எதுவோ விளையாட்டு என்று நினைத்துத் தலையை நீட்டினாள். கை அவள் வகிட்டுக்கு மேலே வந்து, முடியைத் தொடாமல் நின்றது. அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

"துப்பாக்கிய உள்ள வைங்கப்பா" என்றார்.

மாமனார் அதைத் துணி உறைக்குள் தள்ளி, பீரோவில் சாத்திவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. கணவர் என்னோடு பேசவில்லை. ஒருவேளை நான்தான் நல்ல நாளைக் கெடுத்தேனோ? சுட்டிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காதோ? பாத்திரம் கழுவிக்கொண்டே இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு போன் வந்தது. அக்கா.

"கூப்பிட்டிருந்தியே. கொழந்தை எப்படி இருக்கா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெட்டி, எழுபது, தலையில் கை. கடைசியில் கேட்டேன். "சுட்டிருந்தா என்னக்கா ஆகியிருக்கும்?"

"தெரியாது." பிறகு, "தோட்டா இப்போ எங்க இருக்கு?"

"பெட்டியிலதான்."

"அதே பெட்டியிலயா? அறுபத்தஞ்சு போட்ட பெட்டியிலயா?"

இன்னும் பை மேஜைமேல்தான் இருந்தது. பெட்டியை வெளியே எடுத்தேன். "வேற டப்பால மாத்திடறேன்க்கா."

"எத்தனை இருக்கு?"

"பத்து."

"எண்ணினியா?"

எண்ணினேன். இன்னொரு முறை எண்ணினேன். பைக்குள் கைவிட்டுத் துழாவினேன். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

"ஒன்பதுதான்க்கா இருக்கு."

"காலையில போட்டுக் காட்டினாருன்னு சொன்னியே. அதை வெளிய எடுத்தாரா?"

வலது குழல். டக்கென்று மூடியது. அதற்குப் பிறகு அதை யாரும் திறந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பீரோ எங்கள் படுக்கையறையில் இருந்தது. ஓடினேன். பாப்பாவின் துணிகள் அதன் கீழ்த்தட்டில்தான். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, துணி உறைக்கு முன்னால் மண்டியிட்டு, பொம்மைக்குக் கட்ட ரிப்பன் தேடிக்கொண்டிருந்தாள். அவளை எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. அவள் வலியில் கத்தினாள்.

"நீ அதைத் தொடாத" என்றது போன். "லைசென்ஸ் அவர்கிட்டதானே? அவரைக் கூப்பிடு. கொழந்தையும் மத்தவங்களும் வெளியில போகட்டும். குழல் வாய் செவுத்தப் பாத்து இருக்கட்டும். விசைப் பக்கம் விரல் போகக்கூடாது."

கணவர் வந்தார். மாமனாரும் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எடுத்திருப்பேன், எடுத்திருப்பேன். காலிதான். ஒண்ணும் ஆவாது" என்றார். ஆனால் அவரும் அறைக்குள் கால் வைக்கவில்லை.

பாப்பாவை மாமியாரிடம் கொடுத்து வாசலுக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் கணவருக்குப் பின்னால், நிலைப்படியில் நின்றேன். அவர் உறையை மெதுவாக உருவி, குழலை வெளிச்சுவர்ப் பக்கம் சாய்த்து, மடக்கித் திறந்தார். வலது குழலில் வட்டமாகப் பித்தளை மின்னியது. அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். சிவப்புத் தோட்டா. கட்டில்மேல் வைத்தார். அது உருண்டு பாப்பாவின் பொம்மைமேல் இடித்து நின்றது.

"எடுத்தாச்சுக்கா" என்றேன்.

"இடது குழல்?"

"காலிக்கா."

"சொன்னாங்களா, பாத்தியா?"

உள்ளே போய், கணவர் கையிலிருந்த துப்பாக்கியின் இடது குழலுக்கு மேலே குனிந்தேன். எதிர்ச்சுவரின் வெள்ளை வட்டமாகத் தெரிந்தது.

"பாத்தேன்க்கா" என்றேன்.